மேசை நாட்காட்டியில் சங்கக் கவிதை

மாதத்திற்கு ஒரு சங்கப் பாடல் வரி, அதற்கேற்ற ஓவியம் என அமைந்த இந்த மேசை நாட்காட்டியை மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். தாள் கனமானது, எழுத்துரு கண்ணை உறுத்தவில்லை. வரித் தேர்வில்தான் எனக்குக் குறை.

ஒரு தாளில் நிலவொளியில் கைகோத்து நிற்கும் காதலர்களின் படத்தின் கீழ் 'அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். 1997இல் வெளிவந்த 'இருவர்' திரைப்படத்தின் காதல் பாடல் இந்தத் தொடக்கத்தைச் சற்றே மாற்றி எடுத்தாண்டதால் வந்த மயக்கம் இது என்றே தோன்றுகிறது. புறநானூற்றின் 112ஆம் பாடலோ, தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிரின் கையறுநிலை. மூலத்தை அறிந்தே திரைப்பாடல் அதனை வேறு உணர்வுக்குத் திருப்பலாம். கவிதைக்கு அந்த உரிமை உண்டு. மூலத்தையே தருவதாகச் சொல்லும் நாட்காட்டிக்கு அது இல்லை.

குறுந்தொகையின் 40ஆம் பாடலுக்கு நேர்ந்தது இன்னும் மோசம்: 'யாயும் ஞாயும்' என்பது 'யாயும் நாயும்' என்று அச்சாகியிருக்கிறது! உன் தாய் என்று பொருள்படும் ஞாய், ஒரே எழுத்தால் வாலாட்டத் தொடங்கிவிட்டாள்.

ஆயினும் செம்மண்ணில் மழைநீர் கலக்கும் அந்தத் தாளின் ஓவியத்தை மட்டும், மாதம் முடிந்தபின் வெட்டியெடுத்து வைத்திருக்கிறேன். பாடல் எண்ணும் பொருளும் பின்புறத்தில் இருந்தால் அடுத்த பதிப்பையும் வாங்குவேன்.