ஒரே பகிர்வா, இரண்டு பகிர்வுகளா?

திருப்பூரில் பின்னலாடைக் கணக்குகளுக்காகப் புது லேப்டாப் வாங்குவோர், டிஸ்கை சி, டி என இரண்டு பகிர்வுகளாக (partition) பிரித்தால் வேகம் கூடுமா என்று கேட்பதுண்டு. சுழலும் ஹார்டு டிஸ்கில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது: தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றுக்கு அதிகத் தரவு அடங்குவதால், பெரும்பாலும் அங்கே அமையும் முதல் பகிர்வில் விண்டோஸை வைத்தால், படிக்கும் முனை குறைந்த தூரமே நகர வேண்டியிருக்கும். சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. ஆகவே அந்த நியாயமும் இல்லை.

ஒரே பகிர்வாக விட்டால் காலியிடம் அனைத்துக்கும் பொதுவாகும். பிரித்தாலோ, டியில் இடம் சும்மா கிடக்க, சி நிரம்பி விண்டோஸ் அப்டேட் தடைப்படலாம். ஆயினும் சியை மட்டும் அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவும்போது டியிலுள்ள பில்களும் டிசைன்களும் தப்பும் என்பதால், 512 ஜிபி எஸ்எஸ்டியில் சிக்கு 200 ஜிபியாவது ஒதுக்கிப் பிரிப்பதையே நான் விரும்புவேன். டிஸ்கே பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். எனவே வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து வைப்பது எந்த முறையிலும் தவிர்க்க முடியாதது.