வந்தவர் கதையா, போனவர் கதையா?

ஊர் வரலாற்றுச் செயல்திட்டம் என்றால் டெல்டா பிள்ளைகள் முன்னால் இரண்டு வழி: தஞ்சாவூருக்கு வந்து குடியேறியவர்கள், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர்கள்.

தஞ்சை மராட்டியர் பக்கம் ஆதாரம் கொட்டிக் கிடக்கிறது. 1676-இல் ஏகோஜி தொடங்கிய ஆட்சி 1855 வரை நீடித்தது. பெரிய கோயிலில் 1803-இல் வெட்டிய மராத்திக் கல்வெட்டு, சரசுவதி மகால் நூலகத்தில் மோடி எழுத்து (மராத்தியின் பழைய கையெழுத்து வடிவம்) ஆவணங்கள். சிக்கலே அந்த எழுத்துதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதை வாசிக்க முடியாது. யாரோ பெயர்த்துத் தந்ததைத்தான் நம்ப வேண்டும். கடைசியில் அரண்மனைக் கதையாகவே முடிந்துவிடும்.

நாகையில் கப்பலேறிப் போனவர்களுக்குக் கல்வெட்டு கிடையாது. தகரப் பெட்டி, பழைய பாஸ்போர்ட், பினாங்கிலிருந்து வந்த கடிதம், இவ்வளவுதான். "எப்ப தாத்தா கப்பலேறுனீங்க?" என்றால், "பெரும்புயலுக்கு மறுவருஷம்டா, ரஜூலாவுல" என்பார். எந்தப் புயல்? நாகையை 1952-லும் அடித்தது, 1977-லும் அடித்தது. 1977-க்கு முன்பே ரஜூலா கப்பல் ஓட்டம் நின்றுவிட்டது. அப்படியானால் தாத்தா போனது 1953. இந்தக் கணக்கைப் பிள்ளையே போட்டுப் பார்க்கிறதே, அதற்காகவே என் ஓட்டு நாகைக்கு. தஞ்சையை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம், நூலகம் நனையாது.