தூங்குகிற பிள்ளையை எழுப்பிப் பால் கொடுப்பதா, விட்டுவிடுவதா?

இரவு இரண்டே கால். அலாரம் அடிக்கிறது. பிறந்து ஐந்து நாளான மகன் வாயை லேசாகத் திறந்தபடி அசந்து தூங்குகிறான். பக்கத்தில் மனைவியும் அப்படியே. இரண்டு பேரையும் எழுப்புவது என் வேலை. பால் கொடுக்க என்னால் முடியாது, எழுப்புகிற பாவமாவது என்னோடு இருக்கட்டும் என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. மாமியார் ஒவ்வொரு முறையும் அடுத்த அறையிலிருந்து சொல்வார்: "தூங்குற பிள்ளையை எழுப்பாதீங்க மாப்பிள்ளை, பசிச்சா அதுவே அழும்."

டாக்டர் சொன்னது நேர் எதிர்: மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.

இரண்டு பிள்ளைகளை வளர்த்த பிறகு எனக்குத் தோன்றுவது, இருவர் சொன்னதும் சரிதான், ஆனால் ஒரே வாரத்துக்கு இல்லை. குழந்தை தன் பிறந்த எடையைத் திரும்பப் பிடிக்கும்வரை நான் டாக்டர் கட்சி. பிடித்துவிட்டது, நிறைமாதத்தில் பிறந்தது, வேறு சிக்கல் எதுவும் இல்லை என்றால் மாமியார் கட்சி.

<b>எழுப்பச் சொல்கிறவர்கள் பக்கம்</b>

பிறந்த முதல் சில நாட்களில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் கொஞ்சம் இளைக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை 7 சதவீதம் வரை எடை குறைவது சாதாரணம். 10 சதவீதத்தை நெருங்கினால் டாக்டர்கள் உன்னிப்பாகக் கவனிக்கத் தொடங்குவார்கள். பத்திலிருந்து பதினான்கு நாட்களுக்குள் பிறந்த எடை திரும்ப வந்துவிட வேண்டும். எங்கள் மகன் 2.7 கிலோவில் பிறந்தான். நான்காம் நாள் தராசு 2.48 காட்டியது, அதாவது 8 சதவீதக் குறைவு. அதோடு முகத்தில் லேசான மஞ்சள் வேறு.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்க வேண்டிய வயது அது. எட்டு என்று வைத்துக்கொண்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வருகிறது. இதில்தான் நாங்கள் முதலில் ஏமாந்தோம். குழந்தை குடித்து முடித்த நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் எண்ணினோம். ஆரம்பித்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். பத்து மணிக்கு வாய் வைத்து பத்து நாற்பதுக்கு முடித்தால் அடுத்தது ஒரு மணிக்கு. ஒன்று நாற்பதுக்கு அல்ல. சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஒரு நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் எட்டு தடவை ஆறாகவோ ஏழாகவோ சுருங்கிப் போயிருக்கும்.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது பழமொழி. முதல் வாரத்தில் இதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. குழந்தைக்கு அழுகை என்பது பசியின் கடைசிக் கட்டம். அதற்கு முன்பே நெளியும், வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். இந்த அளவுக்குக்கூடத் தெம்பில்லாத குழந்தைகளும் உண்டு. பால் போதாத குழந்தை சோர்ந்து தூங்கும், தூங்குவதால் குடிக்காது, குடிக்காததால் இன்னும் சோரும். மஞ்சள் காமாலை சேர்ந்தால் இந்தச் சுழல் இன்னும் இறுகும். மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிரூபின் உடலைவிட்டுப் போகும் முக்கியமான வழி மலம். பால் குறைந்தால் மலம் குறையும். வெளியே போக வேண்டியதில் ஒரு பங்கு குடலிலிருந்து மறுபடி ரத்தத்துக்கே ஏறும். அது ஏற ஏறக் குழந்தைக்குத் தூக்கம் கூடும். பார்க்க வருகிறவர்கள் "எவ்வளவு சமர்த்து, அழவே மாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முதல் வாரத்தில் அந்தப் பாராட்டைக் கேட்டால் நான் டயப்பரைத்தான் போய்ப் பார்ப்பேன்.

குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை குறைவாகப் பிறந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ள தாய்க்குப் பிறந்தவர்கள் விஷயத்தில் இந்த விவாதமே கிடையாது. 35, 36 வாரத்தில் பிறந்த குழந்தை பார்க்க நிறைமாதக் குழந்தை போலவே இருக்கும். ஆனால் உறிஞ்சும் பலம் குறைவு, பசியைக் காட்டுவதும் குறைவு. டாக்டர் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம்தான்.

தாயின் பக்கம் இன்னொரு கணக்கு இருக்கிறது. வெளியேறும் பாலுக்குத் தக்கபடிதான் புதுப் பால் ஊறும். மார்பிலேயே தேங்கினால், இவ்வளவு போதும் போலிருக்கிறது என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். சுரப்பைத் தூண்டும் ப்ரொலாக்டின் என்ற ஹார்மோன் இரவில் அதிகம் என்பதால், முதல் வாரங்களில் இரவுப் பாலைத் தொடர்ந்து தவறவிட்டால் அது பகல் பாலையும் பாதிக்கலாம்.

<b>விட்டுவிடச் சொல்கிறவர்கள் பக்கம்</b>

இவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்தால் தப்பு. கடிகாரத்தின் மேல் இவர்களுக்கு இருக்கும் சந்தேகத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. நியூசிலாந்தில் 1907-இல் தாய்-சேய் நலத்துக்கான ப்ளங்கெட் சங்கத்தைத் தொடங்கிய டாக்டர் ட்ரூபி கிங், நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால், இரவில் கிடையவே கிடையாது என்று கற்பித்தார். இந்த மாதிரிக் கண்டிப்பு பல நாடுகளில் பரவி, பசித்து அழும் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மணி பார்த்து உட்கார்ந்த தாய்மார்கள் ஒரு தலைமுறைக்கு மேல் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் தாய்ப்பால் ஊட்டலுக்காக 1989-இல் வெளியிட்ட பத்துப் படிகளில் ஒன்று, குழந்தை கேட்கும்போதெல்லாம் தாய்ப்பால் கொடுக்க ஊக்குவியுங்கள் என்றது. 2018-இல் அதைத் திருத்தி, குழந்தை காட்டும் அறிகுறிகளைப் புரிந்துகொண்டு அதற்கேற்பப் பால் கொடுக்கத் தாய்க்கு உதவுங்கள் என்று மாற்றினார்கள்.

ஆனால் பழைய கடிகாரம் "அதற்கு முன் கொடுக்காதே" என்றது. இன்றைய டாக்டர் கையில் இருப்பது "இதற்கு மேல் தாமதிக்காதே" என்கிறது. நடுவில் குழந்தை கேட்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் கொடுக்கலாம். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் சண்டை போடுகிறவர்கள்தான் அதிகம்.

விட்டுவிடுவதில் உண்மையான லாபமும் உண்டு. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பிடுங்கி எடுத்த குழந்தை இரண்டு வாய் குடித்துவிட்டு மறுபடி தொங்கிவிடும். அரை மணி நேரம் போராடினால் மிச்சம் எல்லோருக்கும் எரிச்சல்தான். எடையை மீட்டு, நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறிக்கொண்டிருக்கும் குழந்தையிடம் இந்தப் போராட்டம் தேவையே இல்லை. இரவில் நான்கைந்து மணி நேரம் தூங்கினாலும் மாலையில் அடுத்தடுத்துக் குடித்துக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தாயின் தூக்கத்தையும் சொல்ல வேண்டும். அசதியில் சோபாவில் உட்கார்ந்து பால் கொடுத்தபடியே தூங்கிப்போவது குழந்தையின் உயிருக்கே ஆபத்து. தேவையில்லாத ஓர் அலாரத்தை நிறுத்துவது பாதுகாப்பும்கூட.

புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு இடைவெளி கொஞ்சம் நீளும். ஃபார்முலா செரிக்க நேரம் எடுக்கும், எவ்வளவு போயிற்று என்பதும் கண்ணுக்குத் தெரியும். மூன்று நான்கு மணி நேரம் சாதாரணம். எடையை மீட்கும்வரை எழுப்பித்தான் கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

<b>நடுவழி: அரைத் தூக்கத்தில்</b>

இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம். பச்சிளங்குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி மேலோட்டமான தூக்கம். ஆழமும் மேலோட்டமும் சேர்ந்த ஒரு சுற்று ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கையைத் தூக்கி மெல்ல விட்டுப் பாருங்கள். ஈரத்துணி போல விழுந்தால் ஆழ்ந்த தூக்கம். கால் மணி, இருபது நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்கலாம். கை கொஞ்சம் எதிர்த்தால், மூடிய இமைக்குள் கருவிழி ஓடினால், உதடு தானாகச் சப்புக்கொட்டினால் அதுதான் தருணம். அப்படியே தூக்கி மார்பில் போட்டால் பாதிக் குழந்தைகள் கண்ணைத் திறக்காமலே குடிக்கும். மூன்று மணி நேர அலாரத்தை இரண்டரை மணி நேரத்துக்கு மாற்றிவைத்து, இந்த அசைவுக்காகக் காத்திருக்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் இரவுகள் உருப்பட்டன.

அசையவே இல்லையென்றால் சுற்றிய துணியைப் பிரித்து டயப்பரை மாற்றுங்கள். தாயின் மார்போடு வெற்றுடம்பாகச் சேர்த்து வையுங்கள். விளக்கை மங்கலாக வையுங்கள், பளிச்சென்று எரிந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும். முதுகையும் உள்ளங்காலையும் வருடிக் கொடுங்கள். ஒரு சொட்டுப் பாலைப் பீய்ச்சி உதட்டில் வையுங்கள். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் தெளிப்பது, காலைச் சுண்டுவது எல்லாம் வேண்டாம்.

இதற்கு ஒரு வளர்ந்த வடிவமும் உண்டு. கொஞ்சம் பெரிய குழந்தைக்குப் பெற்றோர் படுக்கப்போகும் முன், இரவு பத்து பதினொன்று மணிக்கு, தூக்கத்திலேயே ஒரு தடவை கொடுத்துவிடுவது. சிலருக்குப் பலிக்கிறது. எங்கள் மகளிடம் நான்கு இரவு முயன்றோம். பதினொன்றுக்கும் நன்றாகக் குடித்தாள், இரண்டு மணிக்கும் சொல்லிவைத்த மாதிரி எழுந்தாள். நஷ்டம் எங்களுக்குத்தான்.

<b>யார் சொல்வதைக் கேட்பது?</b>

டயப்பர் சொல்வதைத்தான். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஈர டயப்பர் கூடிக்கொண்டே போய், ஐந்தாம் நாளிலிருந்து ஆறுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தார் போன்ற கறுப்பு மலம் பச்சையாகி, நான்கைந்து நாளில் மஞ்சளாக வேண்டும். அதற்குப் பிறகும் கறுப்பாகவே இருந்தாலோ, சிறுநீர்க் கறை செங்கல் பொடி நிறத்தில் தெரிந்தாலோ பால் போதவில்லை என்று சந்தேகப்படலாம். எழுப்பவே முடியவில்லை, துவண்டு கிடக்கிறது, தொடர்ந்து இரண்டு வேளை குடிக்கவில்லை, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் என்றால் அடுத்த வேளைக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

எடையை ஒரே தராசில், உடுப்பில்லாமல் பார்க்க வேண்டும். வீட்டுத் தராசில் நாம் ஏறி, பிறகு குழந்தையோடு ஏறிக் கழித்துப் பார்க்கும் வித்தை இந்த வயதுக்கு உதவாது. நாம் தேடுவது இருபது முப்பது கிராம்.

பன்னிரண்டாம் நாள் மகன் 2.74 காட்டினான். "இனிமே ராத்திரி அலாரம் வேண்டாம், அவன் எழுந்தா கொடுங்க" என்றார் டாக்டர். மாமியார் எதுவும் சொல்லவில்லை, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு மட்டும். அன்று இரவு அலாரம் இல்லாமல் படுத்தோம். மூன்று மணிக்கு மனைவி என்னைத் தட்டி எழுப்பினாள். மார்பு கல் மாதிரி கட்டிக்கொண்டு, உடுப்பெல்லாம் பாலில் நனைந்திருந்தது. மகன் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"இப்ப எனக்காக இவனை எழுப்பலாமா?"

எழுப்பினோம். ஐந்து நிமிடத்தில் அவள் முகம் தெளிந்தது. அவன் கண்ணைத் திறக்கவே இல்லை.