நேரலை வகுப்பா, பதிவு வீடியோவா? வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு எது தோது

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்ததாகக் கேட்பது, கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆன்லைனில் எதைப் பிடிப்பது என்பதைத்தான். என் மகள் என்.ஐ.ஓ.எஸ். (பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிறாள். கட்டணம் கட்டிச் சேரும் நேரலை வகுப்பு, கான் அகாடமி மாதிரி இணையதளத்தில் பதிவு வீடியோவும் பயிற்சியும், தெருக்கோடி டியூஷன் என மூன்றுமே எங்கள் வீட்டில் நடந்திருக்கின்றன. நான் கான் அகாடமி கட்சி, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கான் அகாடமி இலவசம். நேரலை வகுப்புக்குப் பெரும்பாலும் மொத்தமாகக் கட்ட வேண்டும், பாதியில் நின்றால் பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அலைச்சல் இரண்டிலும் இல்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: தேவைப்படும்போது பின்னால் போக முடிகிறதா என்பது. வீட்டில் படிக்கும் பிள்ளை எல்லாப் பாடத்திலும் ஒரே வகுப்பில் இருக்காது. என் மகள் ஆங்கிலத்தில் வயதுக்கு மீறிப் படிப்பாள், பின்னம் என்றால் தடுமாறுவாள். நேரலை வகுப்பில் ஒரு நாள், ஒரு எண்ணின் பாதியையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டினால் 10, அந்த எண் என்ன என்று ஒரு கணக்கு. ஆசிரியர் இரண்டு பக்கமும் ஆறால் பெருக்கி 12 என்று விடை எழுதி அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். "ஏன் ஆறு?" என்று இவள் சாட்டில் தட்டிய கேள்வி மற்றவர்களின் 'எஸ் சார்'களுக்கு நடுவே மேலே ஓடி மறைந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது, அத்தனை பேரை வைத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்புப் பாடத்துக்கு யார் திரும்பிப் போவார்?

கான் அகாடமியில் அவள் போனாள். பின்னங்களைக் கூட்டும் பகுதியைத் திறந்து, தப்பாகப் போட்டால் குறிப்பைத் தட்டி ஒவ்வொரு படியாகப் பார்த்து, மறுபடி போட்டு, பொது மடங்கு பிடிபட்ட பிறகுதான் சமன்பாட்டுக்கு வந்தாள். பத்தாம் வகுப்புக்காரி சின்னப் பிள்ளைகளின் கணக்கைப் போடுகிறாளே என்று பார்த்துச் சிரிக்க ஆளில்லை. அவசரமும் இல்லை, ஏனென்றால் என்.ஐ.ஓ.எஸ்.ஸில் ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதியாக வேண்டும் என்று கிடையாது. பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு, வருடத்துக்கு இரண்டு பொதுத் தேர்வு. தேர்வே இப்படி விட்டுப் பிடிக்கும்போது, ஜூனில் தொடங்கி மார்ச்சில் முடிக்கிற வகுப்பின் வேகத்துக்கு நாம் ஏன் ஓட வேண்டும்? பள்ளி மணியை வீட்டுக்குள் கொண்டுவந்து மாட்டுகிற மாதிரிதான் அது.

அதற்காக நேரலை வேண்டாம் என்று அடித்துச் சொல்லவில்லை. தானாக உட்காராத பிள்ளைக்கு நேரம் குறித்த வகுப்பு உதவும். ஒற்றைப் பிள்ளையாக வீட்டிலேயே இருப்பவர்களுக்கு நாலு குரல் கேட்பதே ஒரு தெம்பு. பேச்சுப் பழக்கம் வேண்டிய மொழிப் பாடத்துக்கும் அதுதான் சரி. பதிவு வீடியோவில் பெற்றோருக்கு வேலை கூடுதல் என்பதும் உண்மை, பக்கத்தில் ஆள் இல்லையென்றால் கணக்கு வீடியோ எப்போது பூனை வீடியோ ஆனது என்றே தெரியாது.

இன்னொரு குறை எழுத்து. கான் அகாடமி விடையைத்தான் பார்க்கும், நோட்டைப் பார்க்காது. தேர்விலோ படிப்படியாக எழுதினால்தான் முழு மதிப்பெண். அதனால் சனிக்கிழமை மட்டும் தெருக்கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரிடம் அனுப்புகிறோம். "விடை சரிம்மா, வழி எங்கே?" என்று சிவப்பு மையில் சுழிப்பதற்கு அவர்தான் வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் இதே ஏற்பாடு தாங்குமா என்று கேட்டால், நாங்கள் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. அப்போது நேரலைக்கே திரும்பினாலும் திரும்புவோம்.