வெளி டூல் லாகின் கேட்டால் எதைக் கொடுப்பது?

யார் அன்ஃபாலோ செய்தார்கள் என்று காட்டும் தளம், பழைய பதிவுகளை மொத்தமாக அழித்துத் தரும் தளம் என எதற்குப் போனாலும், நம் கணக்குக்குள் அதை விடும் வழிகள் நான்கைந்துக்குள் அடங்கிவிடும்.

இருப்பதிலேயே மோசம், பாஸ்வேர்டை அவர்கள் பெட்டியிலேயே அடிப்பது. கீழே 'என்க்ரிப்ட் செய்து வைக்கிறோம்' என்று எழுதியிருப்பார்கள். ஒழுங்கான சேவை பாஸ்வேர்டை ஹாஷாக்கித்தான் வைக்கும், அதிலிருந்து அசலைத் திரும்ப எடுக்க முடியாது. நடுவில் நிற்கும் டூலுக்கு அந்த வழி இல்லை. நம் பெயரில் மறுபடி மறுபடி லாகின் செய்ய அசல் பாஸ்வேர்டே அதற்கு வேண்டும், ஆகவே என்க்ரிப்ட் செய்தாலும் அதைப் பிரிக்கும் சாவியும் அதே சர்வருக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கும். நடத்துபவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் சர்வரை உடைத்து நுழைகிறவனும் நல்லவனாக இருக்க வேண்டுமே! இரண்டடுக்குப் பாதுகாப்பு இருக்கிறதே என்றால், ஓடிபியையும் அங்கேயே கேட்கும் டூல்கள் உண்டு.

ஓஆத் வேறு மாதிரி. அசல் தளத்துக்கே நம்மை அனுப்பி, 'இந்த ஆப் உங்கள் மெயிலைப் படிக்கலாமா' என்று கேட்கும் திரை வருமே, அதுதான். டூலுக்குப் போவது டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகத் தரும் அனுமதிச் சீட்டு) மட்டும், வேண்டாமென்றால் அதை மட்டும் ரத்து செய்யலாம். ஆனால் திரையைப் படிக்காமல் 'அனுமதி'யை அழுத்தினால் இதுவும் ஆபத்துதான். 2017 மே மாதம் 'கூகுள் டாக்ஸ்' என்றே பெயர் வைத்துக்கொண்ட ஒரு போலி ஆப், கூகுளின் உண்மையான திரையிலேயே மெயிலுக்கும் தொடர்புகளுக்கும் அனுமதி வாங்கி, அந்தத் தொடர்புகளுக்கெல்லாம் மெயில் அனுப்பிப் பரவியது. யாருடைய பாஸ்வேர்டும் அதற்குத் தேவைப்படவில்லை. ஃபாலோயர் எண்ணிக்கை பார்க்கும் டூல் பதிவிடும் உரிமையும் கேட்டால், அங்கேயே திரும்பிவிடுங்கள்.

ஆப் பாஸ்வேர்டு, அதாவது ஒரு ஆப்புக்கென்று அசல் தளமே தனியாக உருவாக்கித் தரும் பாஸ்வேர்டு (கூகுளில் 16 எழுத்து), இரண்டுக்கும் நடுவில். தனியாக ரத்து செய்யலாம், ஆனால் இரண்டாம் அடுக்கைக் கேட்காமலே உள்ளே விட்டுவிடும். ஓஆத் தெரியாத பழைய மெயில் மென்பொருளுக்குச் சரி, முன்பின் தெரியாத வெப் டூலுக்கு வேண்டாம்.

எனக்குப் பிடித்தது, கூகுள் டேக்அவுட் மாதிரியான வசதியில் தரவை நாமே இறக்கி, தேவையான ஃபைலை மட்டும் கொடுப்பது. மெதுவான வழிதான், உள்ளே அடுத்தவர் செய்திகள் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்பது வேறு.

ஏற்கெனவே பாஸ்வேர்டைக் கொடுத்தாயிற்றா? மாற்றுங்கள், எல்லா சாதனங்களிலிருந்தும் லாகவுட் செய்யுங்கள், அதே பாஸ்வேர்டை வேறெங்கும் வைத்திருந்தால் அங்கும் மாற்றுங்கள். அப்புறம் மீட்பு மெயிலையும் ஃபார்வர்டிங் விதிகளையும் பாருங்கள். ஃபார்வர்டிங்கில் யாராவது தன் முகவரியைப் போட்டுவைத்திருந்தால், பாஸ்வேர்டு மாறிய பிறகும் உங்கள் மெயில்கள் அவருக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும்.