சவரக்கத்திக்கு எந்தக் கல்: பெல்ஜியத்து மஞ்சளா, கியோட்டோ கல்லா?

சவரக்கத்தி தீட்ட இயற்கைக் கல் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனை கிரிட்?" என்றுதான். கல்லின் துகள் எவ்வளவு நுண்மை என்பதைச் சொல்லும் எண் அது. செயற்கைக் கல்லுக்கு அந்தக் கேள்வி சரி. 12000 என்று போட்டிருந்தால் துகள் ஏறத்தாழ ஒரு மைக்ரான். யார் தேய்த்தாலும் அதே துகள்தான். மலையில் வெட்டியெடுத்த கல்லுக்கு அப்படி ஓர் எண்ணைச் சொல்லவே முடியாது. மேலே நிற்பது வெறும் தண்ணீரா, கல்லின் துகள் கலந்த கெட்டியான சேறா, கை எவ்வளவு அழுத்துகிறது என்பதையெல்லாம் பொறுத்து ஒரே கல் வேகமாக எஃகைத் தின்னும், மெருகும் ஏற்றும். அதனால் இந்தக் கற்களை எடைபோடும்போது நான் எண்ணைத் தேடுவதில்லை. சேறு எப்படி நடந்துகொள்கிறது என்றுதான் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் போட்டி இரண்டு கற்களுக்கு இடையில்தான்: பெல்ஜியத்தின் கோட்டிக்யூல், கியோட்டோவின் அவாசெதோ.

கோட்டிக்யூல் கிடைப்பது ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சால்ம் வட்டாரத்தில். வெளிர் மஞ்சள் நிறம். ஊதா கலந்த நீலப் பலகைக்கல்லுக்கு நடுவே சில சென்டிமீட்டர் தடிமனுள்ள நரம்பாக ஓடும். அவ்வளவு மெல்லிய கல் எளிதில் உடைந்துவிடும் என்பதால் அடியில் வேறு பலகைக்கல்லை ஒட்டித்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். மஞ்சளும் நீலமும் இயற்கையிலேயே பிணைந்த துண்டுகளும் உண்டு. எஃகை அரிக்கும் வேலையைச் செய்வது இதில் நிறைந்துள்ள ஸ்பெசார்ட்டீன் என்ற மாங்கனீசு கார்னெட் படிகங்கள். நம் நகைக்கடைகளில் விற்கும் கோமேதகமும் அதே கார்னெட் குடும்பம்தான். இந்தப் படிகங்கள் பல முகங்களோடு ஏறத்தாழ உருண்டையாக இருக்கும். அதனால் எஃகில் ஆழமாகக் கீறாமல் அகலமான, ஆழமற்ற கோடுகளையே போடும். கோட்டிக்யூலில் தீட்டிய கத்தி முகத்தை எரிச்சல்படுத்துவதில்லை என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

கல்லின் மேல் தண்ணீர் விட்டு, அதே கல்லின் சிறு துண்டால் தேய்த்தால் வெளிறிய சேறு கிளம்பும். விடுபட்ட கார்னெட்டுகள் அதில் உருண்டபடி எஃகை வேகமாகத் தேய்க்கும். இங்கேதான் ஒரு தடை இருக்கிறது. கத்தி முன்னே நகரும்போது அதன் விளிம்பு அந்தத் துகள்களில் நேருக்கு நேர் மோதுகிறது. பக்கவாட்டில் தேய்ந்து ஏறும் கூர், நுனியில் மோதி மழுங்குகிறது. சேறு கெட்டியாக இருக்கும்வரை கூர் ஓர் எல்லையைத் தாண்டாது. கார்னெட் லேசில் உடைந்து பொடியாகிற பொருளும் அல்ல. ஆகவே நாம்தான் இரண்டு சொட்டு, இரண்டு சொட்டாகத் தண்ணீர் சேர்த்துச் சேற்றை நீர்க்கச் செய்து, கடைசியில் சுத்தத் தண்ணீரில் முடிக்க வேண்டும். அவசரப்பட்டுச் சீக்கிரம் நீர்த்துவிட்டால் கூர் பாதியிலேயே நின்றுவிடும். வெறும் தண்ணீரில் இந்தக் கல் மிக மெதுவாகத்தான் தேய்க்கும், விட்ட இடத்தை அதனால் பிடிக்க முடியாது. கோட்டிக்யூலைக் கைக்கொள்வது என்பது முழுக்க முழுக்க இந்த நீர்ப்பதம் பிடிபடுவதுதான்.

அவாசெதோ வேறு வகை. கியோட்டோவின் வடமேற்கே நாகயாமா, ஓசுகு, ஒகுதோ, ஷோபுதானி போன்ற சுரங்கங்களின் பெயரால் அறியப்படும் கற்கள் இவை. சிலிக்கா ஓடுள்ள ரேடியோலாரியா என்ற நுண்ணுயிர்கள் கடலடியில் படிந்து செர்ட் என்ற கடினமான சிலிக்காப் பாறையாவது வழக்கம். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலமுடிவில் நேர்ந்த பேரழிவை ஒட்டி அந்தப் படிவு நின்றுபோனது. அப்போது மிகுதியாகப் படிந்தது நுண்ணிய களிமண். செர்ட் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் அந்தக் களிமண் அடுக்குதான் தீட்டுக்கல் ஆனது. கடல் உயிர்கள் அற்றுப்போன ஒரு காலம் இவ்வளவு சீரான கல்லை விட்டுச்சென்றிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

சவரக்கத்திக்கு ஏற்ற அவாசெதோ மிகக் கடினமானது. கத்தி பட்டு லேசில் சேறு விடாது. சேற்றுக்கு நகுரா என்ற துணைக்கல் வேண்டும். அய்ச்சி மாகாணத்து மிகாவா நகுரா வெளிறிய எரிமலைச் சாம்பற்கல். போதன், தென்ஜோ, மெஜிரோ, கோமா என்று முரட்டிலிருந்து நுண்மைக்கு வரிசையாகப் போவார்கள். இறுதியில் அடிக்கல்லின் இனத்தையே சேர்ந்த தோமோ நகுரா. இந்தச் சேற்றின் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து தாமே நுண்மையாகின்றன. கோட்டிக்யூலில் நம் கண்ணும் கையும் செய்ய வேண்டிய வேலையில் பாதியை இங்கே சேறே செய்துவிடுகிறது. ஒவ்வொரு நகுராவுக்கும் கல்லைக் கழுவிப் புதிதாகத் தொடங்குவதால் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்ற குழப்பமும் இல்லை.

கடைசிக் கூரில் நல்ல அவாசெதோவுக்கே என் ஓட்டு. மழிப்பு இன்னும் ஒட்ட விழும், தாடியில் கத்தி தடங்கலே இல்லாமல் ஓடும். ஆனாலும் ஒரே ஒரு இயற்கைக் கல் வாங்கப்போகிறவருக்குக் கோட்டிக்யூலைத்தான் சொல்வேன். நகுரா வரிசை என்று தனிச் செலவு இல்லை. பழைய கத்தியின் தேய்ந்த விளிம்பை மீட்பதிலிருந்து முடிப்பது வரை ஒரே கல்லில் செய்யலாம். பெல்ஜியத்தில் இன்றும் வெட்டியெடுக்கிறார்கள். கியோட்டோ சுரங்கங்களோ பெரும்பாலும் மூடியாகிவிட்டன. சவரக்கத்திக்குத் தகுந்த கல்லின் விலை அதற்கேற்ப ஏறிக்கொண்டே போகிறது. கையில் ஏற்கெனவே 1000, 8000 செயற்கைக் கற்கள் வைத்திருந்து, முடிப்புக் கல் மட்டும் தேடுகிறவர் என்றால் என் பதில் மாறும்: கியோட்டோவுக்கே போங்கள்.

சவரக்கத்திக்குப் பயன்படும் வேறு இரண்டு இயற்கைக் கற்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் துரிங்கியா பலகைக்கல், குறிப்பாக சோனபெர்க் நகரத்து எஷர் நிறுவனம் விற்றது, மிக அருமையான முடிப்புக் கல். பழக எளிது, கூரும் முகத்துக்கு இதம். ஆனால் பழைய கையிருப்புதான் கைமாறுகிறது; அசல் காகித முத்திரையோடு வந்தால் சேகரிப்பாளர் விலை. அமெரிக்காவின் ஆர்கன்சா கல் இதற்கு நேர் எதிர்: விலை குறைவு, எளிதில் கிடைக்கும். நோவாகுலைட் என்ற, கிட்டத்தட்ட முழுக்க சிலிக்காவாலான பாறை. சேறு என்ற பேச்சே இல்லை. எண்ணெய் விட்டுத் தேய்க்க வேண்டும். கருப்பும், ஒளி ஊடுருவும் வகையும்தான் சவரத்துக்கு. மேற்பரப்பைத் தட்டையாக்குவது பெரும்பாடு. ஆக்கிவிட்டால் நெடுங்காலம் அப்படியே இருக்கும். பொறுமைசாலிக்கு மோசமான தேர்வு அல்ல, ஆனால் மற்ற மூன்றையும்விட மெதுவானது.

எதை வாங்கினாலும் பரப்பு தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். சவரக்கத்தியின் முதுகும் விளிம்பும் சேர்ந்தே கல்லில் படுவதால், சுமார் 16 டிகிரி என்ற கோணத்தைக் கத்தியின் வடிவமே தீர்மானித்துவிடுகிறது. குழிவிழுந்த கல் அதைக் கெடுத்துவிடும். ஜப்பானியக் கல்லில் குத்தியிருக்கும் நாகயாமா முத்திரைக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், போலி முத்திரைகள் ஏராளம். கல்லில் கோடு ஓடினால் நனைத்து, அதன் குறுக்கே நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டுப்பட்டால் கத்தியின் விளிம்பும் அங்கே தட்டுப்படும். அந்தக் கல்லை விட்டுவிடுங்கள்.