சூடான குழாயில் ஃபிளாஞ்ச் ஜாயின்ட்: பல வருடம் பார்த்ததில்

சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் ஸ்டீம் லைன், ஹாட் ஆயில் லைன் இவற்றோடுதான் என் வேலை. குழாய் முனைகளில் உள்ள தட்டு வளையம்தான் ஃபிளாஞ்ச்; இரண்டு ஃபிளாஞ்சுக்கு நடுவில் ஒழுகாமல் அடைக்க வைப்பது கேஸ்கட், அவற்றைச் சேர்த்து இறுக்குவது ஸ்டட் என்கிற மரை போட்ட கம்பியும் நட்டும். புதிதாக வரும் தம்பிகள் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த கேஸ்கட் நல்லது?" என்றுதான். நான் பார்த்தவரை, ஜாயின்ட் ஒழுகினால் கேஸ்கட்டுக்கு முன்னால் ஸ்டட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நாங்கள் பெரும்பாலும் போடுவது ஸ்பைரல் வூண்ட் கேஸ்கட், 316 ஸ்டெயின்லெஸ் சுருளும் கிராஃபைட்டும் சேர்ந்தது. அதில் எனக்குக் குறையே இல்லை. 450 டிகிரிக்கு மேல் காற்றுப் பட்டால் கிராஃபைட் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அப்புறம், கழற்றியதைத் திரும்பப் போடவே கூடாது, பார்க்க எவ்வளவு புதுசாக இருந்தாலும் சரி.

ஸ்டட்டுக்கு வருவோம். பி7 என்ற எஃகு வகை வழக்கமான சூட்டுக்கு நன்றாக உழைக்கிறது. 400 டிகிரியைத் தாண்டிய லைனில் மாதங்கள் போகப்போக இழுவிசை தளர்ந்துவிடும். அங்கே அதைவிடச் சூடு தாங்கும் பி16 வகைதான் போட வேண்டும். ஷட்டவுன் நேரத்தில் இரண்டும் ஒரே வாளியில் கிடக்கும், துருவேறினால் வித்தியாசம் தெரியாது. ஸ்டட்டின் முனையை வயர் பிரஷ்ஷால் தேய்த்து முத்திரையைப் படித்த பிறகே போடச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட எண்ணெய்ப் பூச்சுதான் முக்கியம். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் நாம் போடும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது. மிச்சமெல்லாம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகப் போய்விடும். காய்ந்த நட் கிறீச்சிட்டு விட்டுவிட்டுத் திரும்பும். நிக்கல் ஆன்டி-சீஸ் (மரை இறுகி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) பூசிய நட் ஒரே சீராகத் திரும்பும், கையிலேயே தெரியும். ரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே அளவு காட்டினாலும் உள்ளே இழுவிசை ஒன்றல்ல. மரைக்கு மட்டும் பூசினால் போதாது, நட்டின் முகத்துக்கும் பூச வேண்டும்.

நட்டுகளை எதிர்-எதிராக, இறுக்க வேண்டிய அளவில் 30, 70, 100 சதவீதம் என்று ஏற்றி, கடைசியில் வட்டமாக, எந்த நட்டும் மேற்கொண்டு நகராத நிலை வரும்வரை சுற்றி வருவோம். குறைந்தது நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு சுற்று. கேஸ்கட் படிந்து இழுவிசை குறைவது பெரும்பாலும் அந்த முதல் சில மணி நேரத்தில்தான். அவசரத்தில் முதலில் வெட்டப்படுவதும் இந்தச் சுற்றுதான், எனக்கு அதில் மிகுந்த வருத்தம்.

ஸ்டெயின்லெஸ் ஃபிளாஞ்சில் பி7 போட்டிருந்தால், சூட்டில் ஃபிளாஞ்ச் ஸ்டட்டைவிட அதிகமாக விரியும், கேஸ்கட் நசுங்கும். லைன் குளிரும்போது அந்த நசுங்கல் திரும்பி வராது. ஓடும்போது சும்மா இருந்த ஜாயின்ட், பிளாண்ட் ட்ரிப் ஆன (திடீரென நின்ற) பிறகு சொட்டுவது இதனால்தான். நம் ஊர் மதிய மழையும் இதே வேலையைச் செய்யும், ஒரு பக்கம் மட்டும் நனைந்து சுருங்கும். முழுக்க இன்சுலேஷன் சுற்றினாலோ ஸ்டட் குழாய் அளவுக்கே சூடேறிச் சீக்கிரம் தளரும். காற்று போகிற மாதிரி தகரக் கூரை வைப்பதே எனக்குப் பிடித்த வழி.

அடிக்கடி நின்று ஓடும் லைனில் நட்டுக்கு அடியில் டிஸ்க் ஸ்பிரிங் (கிண்ணம் போல வளைந்த வாஷர்) போட்டுப் பார்த்தோம், ஒழுகல் வெகுவாகக் குறைந்தது. சூடு தாங்கும் உலோகத்தில் வாங்க வேண்டும், விலை கூடுதல்தான். சாதாரண ஸ்பிரிங் எஃகு அந்தச் சூட்டில் தன் விறைப்பை இழந்துவிடும்.